அவள் தண்ணீர்தான் கேட்டாள்

1997 ஐப்பசியில்தான் முதன்முதலாக ஒரு பேயைத் தேடிப் போனேன். அப்போது எனக்கு 24 வயது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, எழுதிக் கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வேலை. நாங்குநேரிக்குத் தெற்கே ரோட்டோரப் புளியமரம் ஒன்றில் ஒரு பெண் இருக்கிறாள், ராத்திரியில் லாரிக்காரர்களை மறித்துத் தண்ணீர் கேட்கிறாள் என்று ஒரு பேச்சு. வார இதழில் சொன்னேன். "போய்ட்டு வாங்க, ஒரு பக்கம் போடலாம்" என்றார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் நோட்டில் எட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. வெள்ளைச் சேலை என்றார் ஒருவர். காலே இல்லை என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் அவளைப் பார்த்துக் காய்ச்சலில் விழுந்த டிரைவரின் ஊரைக்கூடச் சொன்னார். கடைக்குப் பக்கத்துத் திண்ணையில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்த ஓர் ஆச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்தபோது கூப்பிட்டார்.

"ஏட்டி, பேயின்னு எழுதாத. அவ எங்க பெரியம்ம மவ."

அப்புறம் ஆச்சியே என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரத்துக்குப் பின்னால் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. நட்டுவைத்த இரண்டு கல். அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அப்படியே நகர்த்தி இறக்கி வைக்கலாம், அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வீட்டார் நடுகிற கல் அது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே, வழிப்போக்கர்கள் அதன்மேல் சுமையை இறக்க இறக்க அவள் பாரம் குறையும் என்று நம்பிக்கை. எங்கள் பக்கத்து ரோடுகளில் ஒரு காலத்தில் இந்தக் கல்லைப் பார்க்காமல் ஐந்தாறு மைல் போக முடியாது. நானும் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு சுமைதாங்கியில் ஏறி உட்கார்ந்து விளையாடியவள்தான். அது யாருடைய கல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

குறுக்குக் கல்லில் எழுத்து இருந்தது. ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார். பாசியைச் சுரண்டிவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு பெயர், தகப்பன் பெயர், "கொல்லம் 1118 மாசி". கொல்லம் ஆண்டு சேரநாட்டுக் கணக்கு என்றாலும், திருநெல்வேலிச் சீமையிலும் பழைய பத்திரம், கல், கோயில் கணக்கு எல்லாவற்றிலும் அதுதான். மாசி மாதமென்றால் அதோடு 825 கூட்ட வேண்டும். 1943. ஆச்சிக்கு அப்போது பதினாறு வயதாம். எட்டு மாதச் சூலி, வலி கண்டு இரண்டு நாள் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில், இந்த மரத்தடியில் மாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டிருக்கிறாள். கொண்டு வந்த செம்பு காலி. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடியது இந்த ஆச்சிதான். தண்ணீரோடு திரும்பியபோது மூச்சு இல்லை.

ராத்திரி மூன்று மணிக்கு லாரிக்காரரிடம் அவள் என்ன கேட்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கியது.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இதழ் வந்தது. தலைவிரி கோலமாக, பல் வெளியே நீட்டிய ஒரு படம். "தண்ணீர் கேட்கிறாள்" என்று நான் எழுதிய இடத்தில் "ரத்தம் கேட்கிறாள்" என்று இருந்தது. ஆச்சியும் இல்லை, கல்லும் இல்லை. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். 150 ரூபாய் மணியார்டர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆச்சியைப் பார்க்கப் போனேன். பேரன் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியிருக்கிறான். ஆச்சி என்னைத் திட்டவில்லை. "அவ தண்ணிதானட்டி கேட்டா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். 27 வருஷமாக நான் எழுதிக்கொண்டிருப்பது அந்த வார்த்தைக்குக் கடன்பட்டுத்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து எங்கள் வீட்டு ஓலைப்பெட்டியை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது தென்மாவட்டங்களில் பல வீடுகளில் உண்டு. எங்கள் கன்னி என் அப்பாவின் அக்கா. பதினோரு வயதில் காய்ச்சலில் போனவள். தை பிறந்ததும் பாட்டி ஒரு புதுப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வைத்து விளக்கேற்றுவாள். பழைய பாவாடை வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கு. நான் போட்டு வளர்ந்த பாவாடைகளில் பாதி அத்தையுடையது. ஆனால் அந்த அத்தையைப் பற்றி நான் கேட்டதே கிடையாது. அன்று ராத்திரி முழுக்கப் பாட்டியிடம் கேட்டேன். அத்தைக்கு நீச்சல் தெரியுமாம். பாட்டி சொல்லச் சொல்ல, அதுவரை சாமிப் பெட்டியாக இருந்தது ஒரு பிள்ளையின் துணிமணிப் பெட்டியாக ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஊரில் பேய், ஆவி, காத்துக்கருப்பு என்று சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான். செத்தது யார்? எப்படிச் செத்தார், யாரால்? இப்போது அவருக்குச் சோறு வைப்பது யார்? பதில் சொல்ல ஆளில்லாத ஊர் அபூர்வம். ஆவணக் காப்பகத்தில் இல்லாத, சர்க்காரின் மாவட்ட விவரநூலான கெஜட்டியரில் இல்லாத மனுஷர்களின் சாவு, பீடமாகவும் பாட்டாகவும் ஊர் நடுவில் நிற்கிறது. பீடம் என்றால் செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு அடித்த கூம்பு. சுடலைமாடன் கோயிலில் அதுதான் சாமி.

படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். எனக்கு வரலாற்றில் பட்டம் கிடையாது, பி.காம். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை தேடித் தேடிப் பதிப்பித்த கதைப்பாடல்கள்தான் என் பாடப்புத்தகம். முத்துப்பட்டன் கதையை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதைக் காதால் கேட்டது வில்லுப்பாட்டில்.

முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரைக் காட்டில் பார்த்து ஆசைப்பட்டான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை, "குடுமியை அறு, பூணூலை அறு, தோல் வேலை பழகு, அப்புறம் பெண் கேள்" என்றான். அவன் அதைச் செய்தான். கல்யாண மஞ்சள் காய்வதற்குள் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்கினார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. ஆடி அமாவாசைக்குப் போனால் பார்க்கலாம். கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், சாமி போட்டு நடக்கிறார் என்பார்கள்.

இதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணருக்குப் பிறந்தவர்கள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று. இது பின்னால் சேர்த்தது என்று வானமாமலை சுட்டிக்காட்டியிருக்கிறார். பாட்டின் நெஞ்சிலேயே வைத்த வெட்டு அது என்பது என் கருத்து. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு வில்லிசை அண்ணாச்சியிடம், எந்தப் பாடத்தைப் பாடுவீர்கள் என்று கேட்டேன். ரெண்டும் தெரியும் என்றார். "எதைப் பாடணும்னு பந்தல் போட்டவங்கதாம்மா சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, பழைய பாடத்தில் அவன் பூணூலை அறுக்கும் இடத்தை மட்டும் எனக்காகப் பாடினார். குடமும் உடுக்கையும் இல்லை, வெறும் குரல். நான் அழுதுவிட்டேன்.

காகிதம் ஒன்றும் ஜனங்கள் இன்னொன்றும் சொல்வதை, மருதநாயகம் என்றும் சொல்லப்படும் கான்சாகிபு விஷயத்தில் பார்த்தேன். கிழக்கிந்தியக் கும்பினிக் காகிதங்களில் அவன் கலகக்காரன். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவன் அடக்கமான இடம் தர்காவாக நிற்கிறது, வேண்டுதலோடு ஆட்கள் வருகிறார்கள். சண்டையைப் பாட்டாகவும் கட்டிப் பாடியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது ஒரு வெள்ளைக்காரர் கதை. கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்த பாதிரியார். 1849-ல் வெளிவந்த அவருடைய சிறுநூல் ஒன்று பின்னாளில் நாடார் சமூகத்தாரை ரொம்பவும் புண்படுத்தியது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கோபம். அந்த நூல் இங்குள்ள கும்பிடுமுறை மொத்தத்தையும் பேய் வழிபாடு என்றே பேசுகிறது. ஆனால் அதே நூலில், போகிற போக்கில் ஒரு செய்தியும் சொல்கிறார். 1809-ல் திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தை அடக்க ஆங்கிலேயர் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைப் பிடித்தது. பிப்ரவரி 10. அந்தச் சண்டையில் படுகாயப்பட்ட ஓர் ஆங்கில அதிகாரி செத்துப்போய், 25 மைல் தள்ளி ஒரு மணற்காட்டில் புதைக்கப்பட்டார். அக்கம்பக்கத்து ஜனங்கள் அவருக்கும் கும்பிடு போட ஆரம்பித்துவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். அவரைப் பற்றிப் பாட்டும் பாடினார்களாம்.

கால்டுவெல் இதை மூடத்தனத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்களை அடக்கி ஆளும் படையின் ஆள் என்று தெரியும். அப்படியும், ஊர்விட்டு ஊர் வந்து வயதுக்கு முந்திச் செத்தவன், அவனுக்குப் படைக்க இங்கே பெண்டாட்டி பிள்ளை இல்லை, அவனுக்குப் பிடித்தது எதுவோ அதை வைப்போம் என்று நினைத்த ஜனங்கள் அவர்கள். புறநானூற்றில் அதியமான் செத்த பிறகு ஔவையார் கேட்பார்: மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளையா வாங்கிக்கொள்வான்? தகடூர் அரசனின் கல்லுக்கு ஊற்றிய கள்ளும் தேரி என்கிற செம்மணல் காட்டில் ஊற்றிய சாராயமும் எனக்கு ஒரே கையால் ஊற்றியதாகவே தெரிகிறது.

2001-ல் ஒரு வாரம் தேரிக்காட்டில் சுற்றினேன். செம்மண் மணல், உடைமரம், பனை. அந்தக் கல்லறையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஒரு சுடலை கோயில் கொடை விழாவில், சாமத்துப் படப்பு என்கிற படையலுக்குப் பக்கத்தில், பிரித்து வைத்த சுருட்டுக் கட்டையும் குவார்ட்டர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தது.

கொடை என்றால் எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கொடுக்கும் விழா. வெள்ளி ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிறு வரை இழுக்கும். வில்லு ஒரு பக்கம், கணியான் கூத்து ஒரு பக்கம். கணியான் கூத்துக்கு மகுடம் என்கிற பறை இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அந்த இரண்டு தோலும் நள்ளிரவில் பேச ஆரம்பித்தால், உட்கார்ந்திருக்கிறவர்கள் நெஞ்சுக்கூடு தன்னால் எழும். சாமியாடி மயான வேட்டைக்குக் கிளம்பும்போது பெண்கள் பின்னால் போகக்கூடாது. நானும் போனதில்லை. முதலில் அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. மற்றவர்கள் டார்ச்சும் கேமராவுமாக ஓடுவார்கள், நான் கோயில் வாசலில் நிற்பேன். பிறகுதான் கவனித்தேன், என்னோடு இன்னொரு பெண்ணும் எப்போதும் நிற்பாள். சாமியாடியின் மனைவி. ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு, சுடுகாட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு. அவர்களிடம் பேச ஆரம்பித்தேன். மூன்று வாரம் விரதம், புருஷன் தனிப்பாய், ஆடி முடித்தால் இரண்டு நாள் உடம்பு அனலாகக் கொதிப்பது, அறுபது வயதுக்கு மேல் மூட்டு தேய்ந்தும் சாமி விடாதது. இதையெல்லாம் சுடுகாட்டுக்கு ஓடிய யாரும் எழுதவில்லை.

2003 ஆகஸ்டில் ஆடு, கோழி பலியைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. 1950-லேயே போட்ட சட்டம், அதைக் கண்டிப்பாக நடத்தச் சொன்னார்கள். ஆவணிக் கொடை நேரம். ஊர் ஊராகப் போனேன். பல இடத்தில் கொடையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஓர் ஊரில் பூசணிக்காயை வெட்டினார்கள். சாமியாடிக்கு எழுபது வயது, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "பசிக்கின்னு எனக்குள்ள நின்னு கேக்குமே, நான் என்ன பதில் சொல்லுவேன்" என்று தேம்பினார். பலியின் சரி தப்பைப் பற்றி எனக்கும் கேள்வி உண்டு. ஆடு கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ஆனால் பெரிய கோயில் சாமிக்கு என்ன வைக்க வேண்டும் என்று யாரும் கேட்காதபோது சுடலைக்கு மட்டும் சாப்பாட்டுப் பட்டியல் எழுத வந்தார்களே என்ற ஆத்திரம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நான் எழுதிய பன்னிரண்டு கட்டுரையில் ஐந்துதான் அச்சில் வந்தது.

நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டும். 2008-ல், ஜாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகக் கொல்லப்பட்டு, பிறகு கொன்றவர்கள் வீட்டிலேயே படையல் வாங்குகிற ஒரு ஜோடிச் சாமியைப் பற்றி எழுதினேன். செய்த கொலைக்குப் பயந்துதான் கும்பிட ஆரம்பித்தார்கள் என்று பாட்டிலேயே வருகிறது. பாட்டில் வருகிற வீட்டுப் பெயரை அப்படியே போட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "கொலைகார வீடு" என்று கூப்பிட, அது ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தது என்று அம்மா போன் செய்தார். கோபமாக அல்ல, கெஞ்சலாக. அதிலிருந்து, கொலைக்குக் காரணம் ஜாதி என்றால் ஜாதி என்றே எழுதுகிறேன், அதை மறைப்பது செத்தவர்களை இன்னொரு முறை கொல்வது. ஆனால் இன்று உயிரோடு இருக்கும் ஒரு வீட்டைச் சுட்டும் அடையாளம் என் கட்டுரையில் வராது. சுமைதாங்கியில் இருந்த பெயரையும் அதனால்தான் நான் எங்கும் எழுதியதில்லை. வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் பேயை நம்புகிறீர்களா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கூட்டியில் தனியாக எத்தனையோ சுடுகாட்டைத் தாண்டி வந்திருக்கிறேன், நாயைத் தவிர எதற்கும் பயந்ததில்லை. ஆனால் அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, பாட்டிலில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் வேரில் ஊற்றிவிட்டுத்தான் வருவேன்.

அந்த மரம் இப்போது இல்லை. ரோடு நாலு வழிச்சாலை ஆனபோது போய்விட்டது. கல்லும் போய்விட்டது. ஆச்சி அதற்கு முந்தின வருஷமே தவறிப்போனார். எனக்கு நேரமிருந்தது, சொல்லியிருக்கலாம், யாரிடமாவது மனு கொடுத்திருக்கலாம். வேறொரு கட்டுரைக்காக ராமநாதபுரம் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன்.

ஆச்சியின் பேரனும் நானும் விட்டு விட்டு இரண்டு வருஷம் தேடினோம். கடைசியில் பக்கத்து ஊர் பஞ்சர் கடைக்குப் பின்னால், எழுத்து தரையைப் பார்க்கக் கவிழ்ந்து, டியூப் கழுவுகிற கல்லாகக் கிடந்தது. கடைக்காரத் தம்பிக்கு அது இன்னதென்று தெரியாது. சொன்னதும் அவரே கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்தார். கால்கல் இரண்டும் கிடைக்கவில்லை, புதிதாகச் செதுக்கச் சொன்னோம். வீட்டார் தங்கள் தோட்டத்து வரப்பில், ஊர்ப்பாதை ஓரமாக, நாலு பேர் நடந்து போகிற இடத்தில் நட்டார்கள். "மாசி" என்பதில் ஓர் எழுத்து உடைந்திருக்கிறது. மற்றபடி எல்லாம் வாசிக்க முடிகிறது.

போன மாதம் போயிருந்தேன். வெயில் சாய்கிற நேரம். கல்லின் மேல் யாரோ ஒரு புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள்.